கௌரியின் ஃபோல்டரில் ஒரு ஜீப்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரும் எதையும் ஏற்றக் கூடாது. மேனேஜர் ஜெயபிரகாஷ் இதைத் தன் கைப்படவே எழுதித் திரைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். அதன் பாஸ்வேர்டு சேலத்தில் இருக்கும் ஒரு ஆளிடம் இருக்கிறது. மிஷினை வைத்துக் கொடுத்தவர் அவர்தான். மேனேஜருக்கே அது தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் ஆபீசில் பெரியவர் சின்னவர் பேதம் கிடையாது.

நான் கமலா. அடிவாரத்தில் குடியிருக்கிறேன். காலையில் பஸ் ஏறி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்காடு வந்து, மலை விவசாயிகளிடம் மிளகும் காப்பியும் வாங்கி விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பில் போடுகிறேன். இத்தனை வருஷமாக ஏறி இறங்கியும் அந்த வளைவுகள் எனக்குப் பழகவில்லை. அதனால் காலை நேரத்தில் நான் யாரிடமும் சிரித்துப் பேசுவதில்லை. அப்படிப்பட்ட நேரத்திலும் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "மோந்து பாருங்க்கா, செரியாப் போயிரும்" என்று சொல்லும் ஒரே ஜீவன் பக்கத்து நாற்காலிக்காரி கௌரி. அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கௌரிக்குச் சொந்த ஊர் செம்மநத்தம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. சாமை, பலா, நாலு வரிசை காப்பி. பிளஸ் டூ வரை ஏற்காட்டில் படித்தாள். பள்ளிக்கூடம் விட்டு ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டு ஓரம் ஜீப்புக்கு நிற்பாள். மார்கழியில் அங்கே மஞ்சுப் பனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. எந்த ஜீப் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, சத்தத்தை நோக்கி நடப்பது. "செம்மநத்தம், செம்மநத்தம், செம்மநத்தம்!" என்று மஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிடும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் சக்தி.

"ஆளு எப்படி இருப்பாருன்னே நொம்ப நாளு எனக்குச் செரியாத் தெரியாதுங்க்கா. கொரலுதான் மொதல்ல வந்துச்சு. ஆளு அப்புறமா வந்தாரு."

அவள் இதைச் சொல்லும்போது நாற்பது வயதுக்காரியின் முகத்தில் பதினேழு வயது எட்டிப் பார்க்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். என் வீட்டுக்காரருக்கும் குரல் இருக்கிறது. சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல மட்டும் அதை எடுப்பார்.

கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு ஒன்றில் இருந்தார்கள். கௌரி காப்பிப் பழம் பறிக்கப் போவாள், சக்தி எஸ்டேட் ஜீப் ஓட்டுவார். கவிதா பிறந்தாள். பிறகு சக்தி கடன்பட்டுச் சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கிப் பழையபடி செம்மநத்தத்துக்கு ஓட்டினார். கௌரி எங்கள் கம்பெனியில் எடை போடும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். கம்ப்யூட்டர் வந்தபோது தொட்டால் கடித்துவிடும் என்பதுபோல நாங்கள் எல்லோரும் தள்ளி நின்றோம். "நான் பாக்கறனுங்க" என்று அவள்தான் போய் உட்கார்ந்தாள். பென்குவின் படம் போட்ட லினக்ஸ் மிஷின் அது. தப்புத் தப்பாக அடித்து, அழித்து, திரும்ப அடித்துத்தான் கற்றுக்கொண்டாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சக்திக்குத் தொண்டை கட்டியது. மஞ்சு, பீடி, கத்திக் கத்திக் கூப்பிடுவது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். சேலத்தில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல்வளையில் புற்று. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதை மூடி ஒரு சின்னத் துணி. ஆள் பழையபடி ஜீப் ஓட்டுகிறார், பழையபடி சாப்பிடுகிறார். குரல் மட்டும் கிடையாது. தொண்டையில் ஒட்டி வைத்துப் பேசுகிற ஒரு கருவியைக் கொடுத்தார்கள். வண்டு குடைகிற மாதிரி சத்தம் வந்தது. ஒரே நாள் வைத்துப் பார்த்தார். மறுநாள் அது அலமாரியில் போர்வைக்கு அடியில் போய்விட்டது. அதிகம் படிக்காதவர் என்பதால் போனில் எழுதிக் காட்டுவதும் ஓரிரு வார்த்தைக்கு மேல் ஓடாது. பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிட ஜீப் பானட்டை உள்ளங்கையால் தட்டுவார். செம்மநத்தத்துக்காரர்கள் அந்தத் தட்டலுக்கும் பழகிவிட்டார்கள்.

இந்த வருஷம் கவிதாவுக்குக் கிளியூரில் மாப்பிள்ளை முடிவானது. நல்ல இடம், பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் பார்த்துப் பேசிப் பிடித்துப் போனவர்கள். குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவர்கள் வகையறாவில் நிச்சயத்தன்று ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பெற்ற தகப்பன் சபையில் எழுந்து நின்று, "என் பொண்ணக் குடுத்துட்டேன்" என்று ஊர் கேட்க மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊர்க்கவுண்டர், "ஊரு கேட்டுச்சு" என்பார். அப்புறம்தான் வெற்றிலைபாக்கு கை மாறும். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மட்டும் சித்தப்பனோ பெரியப்பனோ சொல்வார்கள்.

ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு கல்நெஞ்சக்காரர் அல்ல. "சக்தி கம்முனு உக்காந்துக்கட்டும், தம்பிக்காரன் அம்மாசி சொல்லட்டும், இதுல என்ன இருக்குது?" என்றார். அம்மாசி தரையைப் பார்த்தபடி சொன்னாராம்: "எங்கண்ணன் உசுரோட குத்துக்கல்லாட்டம் முன்னால உக்காந்திருக்கறப்ப, எனக்கு எப்படிங்க அந்த வார்த்தை வரும்?"

சக்தி எழுந்து போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். இருட்டிய பிறகும் இறங்கி வரவில்லை என்று கௌரி மறுநாள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது எலுமிச்சம்பழத்தை எனக்குக் கொடுக்க மறந்து தன் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்துப் போனவங்களுக்குத்தானுங்க்கா இன்னொருத்தர் சொல்லுவாங்க. அவருக்கு அது தெரியாதா?"

கேள்வியோடு அவள் நிற்கவில்லை. வழியும் அவளிடமே இருந்தது. சக்தி முன்பு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் அவள் போனில் அப்படியே கிடந்தன. ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை. நேராக ஐயாக்கண்ணுவிடம் போய், "அவரு கொரலுலயே வந்தா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

அவர் யோசித்துவிட்டு, "கேட்டதும் இது சக்திதான்னு ஊருக்குத் தெரியோணும் கண்ணு. டிவிக்காரன் கொரலு, பொம்பளக் கொரலு எல்லாம் ஆவாது. அவன் கொரலா இருந்தாச் செரி" என்றாராம்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எனக்கு இரண்டு மெசேஜ்களைப் போட்டுக் காட்டினாள். முதலாவது, கவிதாவைச் சேலத்தில் கல்லூரியில் சேர்த்த அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து அனுப்பியது. பின்னால் நூறு பஸ்கள் இரைகின்றன. அதற்கு மேலே சக்தி கத்துகிறார்: "கௌரி! என் பொண்ணக் காலேஜுல சேத்துட்டேன்!" இரண்டாவது, எஸ்டேட் கணக்கர் ரைட்டரிடம் மூட்டையைச் சேர்த்துவிட்டு ஓடுகிற ஜீப்பிலிருந்து: "மூட்டைய ரைட்டர்கிட்ட குடுத்துட்டேன்." ஜீப் சத்தமும் மழைச் சத்தமும் சேர்ந்து குரலை விழுங்குகின்றன. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன், மிச்சத்தையும் போடேன்" என்றேன்.

"அது எங்க ரெண்டு பேருக்குங்க்கா" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. முன்னதில் "என் பொண்ண", பின்னதில் "குடுத்துட்டேன்." இரண்டையும் வெட்டி ஒட்டினால் தகப்பன் வாக்கு தயார். சொல்வது சுலபம். சேலத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனாள். அந்த ஆள் கேட்டுவிட்டு, "சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்க. அவரைக் கூட்டிட்டு வாங்க, திரும்ப நல்லா ரெக்கார்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. கௌரி போனை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். போனில் இருக்கிற செயலிகளைப் பார்த்தால், குரலை எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பு, சுத்தம் செய்து தருகிறோம் என்றன.

"இருக்கறதே இத்தனூண்டு. இதையும் ஊரு பேரு தெரியாதவன் கையில தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், ஏதோ நான்தான் கேட்ட மாதிரி.

தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசிக்கொள்ளும் ஒரு இணையக் குழுவில் கேட்டு எழுதினாள். எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ, ஒருவர் பொறுமையாகப் பதில் போட்டிருந்தார். சாக்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு துண்டைக் காட்டினால் அதைப் படித்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அந்த இரைச்சலைக் கழித்துவிடும், இலவசம், எல்லாம் உங்கள் மிஷினுக்குள்ளேயே நடக்கும் என்று. "காலில் போடுகிற சாக்ஸா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதே இது விளையாட்டுக் காரியமல்ல என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேனேஜரிடம் போய் நின்றாள். ஜெயபிரகாஷ் கெட்டவரல்ல, பயந்தவர். "பாஸ்வேர்டு எங்கிட்ட இல்லீங்க கௌரி. அந்த ஆளு தணிக்கை முடியாம யாருக்கும் தர மாட்டேங்கறாரு. மிஷின்ல எதையும் ஏத்தாதீங்க" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஃபோல்டர் இருக்குதில்ல, அதுக்குள்ள நீங்க என்ன வெச்சா எனக்கு என்னங்க" என்று முடித்தார். சும்மா ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை அது. கௌரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இணையக் குழுவின் புண்ணியவானும் அதையேதான் சொன்னார். மென்பொருள்கள் வழக்கமாகப் போய் உட்காருவது மிஷினின் பொது இடங்களில். அங்கே கை வைக்கத்தான் பாஸ்வேர்டு வேண்டும். ஆனால் கட்டற்ற மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்ளலாம். கட்டத் தொடங்கும்போதே, "உன் இடம் இதுதான்" என்று நம் சொந்த ஃபோல்டரைச் சொல்லிவிட்டால் அங்கேயே குடியேறிவிடும். யார் அனுமதியும் தேவையில்லை.

எனக்கு விளங்கவில்லை என்றதும் கௌரி சொன்னாள்: "லயத்துல இருந்தப்ப செவுத்துல ஒரு ஆணி அடிக்கோணும்னாலும் ரைட்டரைக் கேக்கோணுங்க்கா. ஆனா வாசலுக்கு முன்னால கையகல எடம் இருக்கும் பாருங்க, அதுல அவரைக்கொடி போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பந்தலே போட்டுக் காய் பறிச்சேன்."

மிஷினில் கிடைத்த அந்தக் கையகல இடத்துக்கு அவள் வைத்த பெயர் 'ஊடு', அவர்கள் பேச்சில் வீடு. ஆங்கில எழுத்தில் அப்படித்தான் அடித்து வைத்தாள்.

வேலை முடிந்த பிறகு தினமும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். நானும் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்து, உதவி செய்கிறேன் என்ற பெயரில் வேர்க்கடலை தின்றேன். முதல் நாளே அடி. எழுத்துகள் மழைபோல ஓடி நின்று, 'அனுமதி இல்லை' என்ற பொருளில் ஒரு வரி வந்தது. இடத்தின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டாள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது தானாகப் பொது இடத்துக்குத்தான் போகுமாம். மறுபடி இடத்தைச் சொல்லி ஆரம்பித்தாள். இப்போது, வாய்ஸ் மெசேஜ் வகையைப் படிக்க எனக்கு இன்னொரு பொருள் வேண்டும் என்றது. அதைக் கொண்டு வந்தால், அது தனக்கு வேறொன்று வேண்டும் என்றது. கல்யாண வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் பங்காளியையும் கூட்டி வருகிற கதை. ஒவ்வொன்றாகக் கட்டி எல்லாவற்றையும் ஊடு ஃபோல்டருக்குள்ளேயே குடிவைத்தாள்.

கடைசியாக சாக்ஸ் கட்டப்பட்டுக்கொண்டிருந்த சாயங்காலம். பழைய மிஷின், மாட்டுவண்டி வேகம். காப்பிப் பூ முடிந்து கோடை இடி தொடங்கியிருந்த நாட்கள். ஏற்காட்டு மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் இடி காதில் விழுந்ததும், செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு வீட்டிலுள்ள அத்தனை ப்ளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். டிவி எரிந்து, பிரிட்ஜ் எரிந்து கற்ற பாடம். கை தானாகப் போகும். சேர்வராயன் கோயில் பக்கம் ஒரு உறுமல் கேட்டது. கௌரி எழுந்தாள், குனிந்தாள், கம்ப்யூட்டர் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

கருத்த திரையில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது.

"அடிப் பாவி" என்றேன்.

"அய்யோ சாமி" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நேரம் அழாதவள் அப்போது அழுதாள். நிச்சயத்துக்கு இருந்தது அந்த வாரமும் அடுத்த வாரமும்தான். கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

மறுநாள் காலையில் போட்டுப் பார்த்தால், எல்லாம் போய்விடவில்லை. அரைகுறையாக நின்ற ஒரே ஒரு துண்டை அழிக்க வேண்டியிருந்தது. பிறகு அதே கட்டளையைக் கொடுத்ததும், கட்டி முடித்ததை எல்லாம் தாண்டிப்போய் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. "உட்ட எடத்துல இருந்தே புடிச்சுக்குதுங்க்கா!" என்று என் தோளில் ஓர் அடி அடித்தாள். வலித்தது, ஆனால் காலை நேரமாக இருந்தும் சிரித்தேன்.

கட்டி முடித்து, நிறுவி முடித்து, சாக்ஸ் என்று அடித்தால், அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது மிஷின். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கண்ணெதிரே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மிஷினை அன்றுதான் பார்த்தேன். குழுவில் கேட்டாள். பழக்கப்பட்ட இடங்களில் மட்டும்தான் அது தேடும், நீங்கள் வைத்திருப்பது புது இடம், அங்கேயும் போய்ப் பார் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்றார் அவர். எழுதினாள். தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது.

அதன் பிறகு வெட்டினாள், ஒட்டினாள், கழித்தாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சல் போனது. மழை போனது. ஜீப் போனது. ஆசை யாரை விட்டது? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கழித்துக்கொண்டே போனாள். கடைசியில், "என் பொண்ணக் குடுத்துட்டேன்" என்று ஒரு குரல் நிசப்தத்தில் கேட்டது. கண்ணாடி மாதிரி இருந்தது. நான் கை தட்டினேன். மேனேஜர்கூட எட்டிப் பார்த்து, "அடேயப்பா" என்றார்.

சக்தியை வரவழைத்தாள். மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டு கேட்டார். ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிச் சைகை காட்டினார். அப்புறம் திரையைச் சுட்டி, உள்ளங்கையை விரித்து, புருவத்தை உயர்த்தினார். யார் இது என்று கேட்கிறார்.

கௌரியின் முகம் விழுந்துவிட்டது. "நீங்கதானுங்க. உங்க கொரலுதான்."

அவர் தலையாட்டவில்லை. அவளை நோகடிக்க மனமில்லாமல் லேசாகச் சிரித்தார். நான் அந்தக் குரலை மறுபடி காதில் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். எலும்பும் தோலுமாக ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி. சத்தத்தோடு சேர்த்து அவரையும் கழித்துவிட்டிருந்தாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது. இதை ஐயாக்கண்ணு கேட்டால் அந்த நிமிஷமே அம்மாசியைக் கூப்பிட்டுவிடுவார்.

சக்தி எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன். ஜீப்பில் ஏறி ஸ்டார்ட் செய்தார். கிளம்பவில்லை. எஞ்சினை ஓட விட்டபடியே ஜன்னல் வழியாகக் கௌரியைப் பார்த்து, முதலில் பானட்டைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். திரும்ப பானட், திரும்ப நெஞ்சு.

"அந்தச் சத்தமும் சேந்தாத்தான் அவருங்க்கா" என்றாள் கௌரி. அப்புறம் போனை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஜீப்பின் முன்னால் நீட்டி, அந்த எஞ்சின் சத்தத்தைப் பதிந்துகொண்டு வந்தாள். கழித்ததில் பாதியைத் திரும்பக் கொடுத்தாள். குரலுக்கு அடியில் ஆரம்பம் முதல் முடிவு வரை ஜீப்பை ஓட விட்டாள். இரண்டு மெசேஜ்கள் ஒட்டின இடம் அந்தச் சத்தத்தில் தெரியாமலே போயிற்று. மூன்று தடவை வருகிற மாதிரி செய்து போட்டுக் காட்டினாள். சக்தி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் ஸ்டூலின் விளிம்பில், பஸ் ஸ்டாண்டில் பானட்டைத் தட்டுவது போலவே தட்டினார்.

நிச்சயத்தன்று நான் பட்டுப்புடவை கட்டி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி செம்மநத்தம் போனேன். வாசலில் பந்தல், கிளியூர்க்காரர்கள் ஒரு பக்கம், உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கம். கவிதா கதவோரம் நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியும். அப்பாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். வாடகைக்கு எடுத்த பெரிய ஸ்பீக்கரில் போனை ஒயரால் மாட்டியிருந்தார்கள். போனில் புதிதாகச் செய்ததும், பக்கத்திலேயே அந்த மழை நேரத்துப் பழைய மெசேஜும் இருந்தன. இது எங்காவது மக்கர் செய்தால் அதிலிருந்து 'குடுத்துட்டேன்' என்ற ஒரு வார்த்தையையாவது போடலாம் என்று கௌரி வைத்திருந்தாள்.

"பொண்ணப் பெத்தவன் எந்திரிச்சு நில்லுப்பா" என்றார் ஐயாக்கண்ணு.

சக்தி எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். போனைக் கையில் எடுத்து விரலால் தொட்டார். ஸ்பீக்கரில் ஜீப் உறுமத் தொடங்கியது. சரியாக அதே நேரத்தில் மலைக்கு மேலே இடி உறுமியது.

அம்மாசி ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றிருந்தார். செம்மநத்தத்தில் பிறந்து வளர்ந்த கை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டது.

ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. பிடுங்கிய ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாசி சிலைபோல நின்றார். கிளியூர்ப் பக்கத்தில் யாரோ, "என்ன ஆச்சு?" என்று கிசுகிசுத்தார்கள். "மறுக்கா மாட்டுப்பா" என்றது ஒரு குரல். "இடி இடிக்குது, மாட்டாத" என்றது இன்னொன்று. கௌரி என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது.

சக்தி பதறவில்லை. போனிலிருந்து ஒயரைக் கழற்றினார். போனை இரண்டு கைகளிலும் ஏந்தி, தன் கழுத்துக்கு நேராக, அந்தத் துணிக்குப் பக்கத்தில் பிடித்தார். மறுபடி தொட்டார்.

சின்ன போன், சின்னச் சத்தம். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நெருங்கி வந்தார்கள். கிளியூர்க்காரர்கள், உள்ளூர்க்காரர்கள் என்ற பக்கமெல்லாம் கலைந்துபோனது. ஐயாக்கண்ணு கைத்தடியை ஊன்றி எழுந்து, சக்தியின் கழுத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தார். ஜீப் ஓடியது. அதற்கு மேலே, மஞ்சுக்குள்ளிருந்து கூப்பிட்ட அதே குரல்.

"என் பொண்ணக் குடுத்துட்டேன்."

கூட்டத்தில் ஒரு கிழவர், "அட, நம்ம சக்தி ஜீப்பு" என்றார். யாரோ ஒரு பெண் விசும்பினாள்.

"என் பொண்ணக் குடுத்துட்டேன்."

கவிதா கதவை விட்டு அப்பாவிடம் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணக் குடுத்துட்டேன்."

ஐயாக்கண்ணு நிமிர்ந்தார். கண்ணைத் துண்டால் ஒற்றினார். "ஊரு கேட்டுச்சுப்பா சக்தி" என்றார்.

வெற்றிலைத் தட்டை எடுக்க ஆட்கள் குனிந்தார்கள். போன் நிற்கவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்ததற்குத் தானாகப் போவதுதானே அதன் புத்தி? பழைய மெசேஜ் ஓடத் தொடங்கியது. கௌரி "அய்யோ" என்று முன்னால் ஓடினாள். ஆள் நெருக்கத்தில் போக முடியவில்லை. எனக்குக்கூடக் காட்டாமல் கவிழ்த்து வைத்த மிச்சத்தையும் சேர்த்து, கழிக்காமல், வெட்டாமல், முழு மழையோடும் முழு ஜீப்போடும் சக்தியின் குரல் பேசியது.

"கௌரி, கேக்குதா? மூட்டைய ரைட்டர்கிட்ட குடுத்துட்டேன். மழை புடிச்சுக்கிச்சு. நீ பஸ்ஸுக்கு நிக்காத தங்கம், நனைஞ்சு போயிருவ. அங்கயே இரு. நான் வந்தர்றேன்."

நிறுத்த வேண்டிய விரல் போனுக்கு மேலேதான் இருந்தது. சக்தி நிறுத்தவில்லை. கூட்டத்துக்கு மேலே தேடி, கௌரியைக் கண்டுபிடித்து, அவளைப் பார்த்துக்கொண்டே முடியும் வரை ஓட விட்டார். கௌரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதையும் ஊரு கேட்டுச்சு.